காத்திருக்கச் சொல்லும் கடவுளுக்கு ‘ஆம்’ சொல்வது எப்படி?

நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்து கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் இளைஞர். திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகியும் மழலைச் சத்தம் கேட்காத தம்பதியர். மருத்துவமனை வராந்தாவில் அறுவைச் சிகிச்சை முடியும்வரை கண் இமைக்காமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகள். வீட்டைவிட்டுப் போன மகன் என்றாவது கதவைத் தட்டுவான் என்று உறங்காமல் கிடக்கும் தாய். இவர்கள் எல்லாருக்கும் பொதுவானது காத்திருப்பு. “கடவுளிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன், பதில்தான் வரவில்லை” என்ற ஆதங்கம் எந்தச் சமயத்தவர் வீட்டிலும் கேட்கக்கூடிய ஒன்றுதான்.

கிறிஸ்துவ வாழ்வில் இந்தக் காத்திருப்புக்குத் தனி இடம் உண்டு. கடவுளின் அழைப்புக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்வதற்கும் தனி இடம் உண்டு. இவ்விரண்டும் வெவ்வேறு என்று பலர் நினைக்கிறார்கள். காத்திருப்பது சும்மா இருப்பது, ‘ஆம்’ என்பது ஒரு நாள் எடுக்கும் முடிவு என்பது அவர்களுடைய எண்ணம். ஆனால் விவிலியத்தைப் புரட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம். அது எப்படி என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நாள்காட்டியிலேயே ஒரு காத்திருப்பு

கிறிஸ்துமஸ் என்றதும் விளக்கு அலங்காரமும் விருந்தும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் திருச்சபையின் ஆண்டு கிறிஸ்துமஸிலிருந்து தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்ட திருவருகைக் காலத்திலிருந்துதான் தொடங்குகிறது. நவம்பர் 30ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் அதன் முதல் நாள். அதாவது, கிறிஸ்துவர்களின் புத்தாண்டு பிறப்பதே ஒரு காத்திருப்பில்தான்!

அந்த நாள்களில் ஆலயங்களில் பச்சை இலை வளையத்தில் வாரம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இந்த வழக்கம் தொடங்கிய கதை சுவையானது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திவந்தார். “கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும்?” என்று பிள்ளைகள் ஓயாமல் நச்சரித்தார்களாம். 1839இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். இருட்டு அப்படியேதான் இருந்தது, ஆனால் வெளிச்சம் தினமும் ஒரு சுடர் கூடியது. காத்திருப்பது எப்படி என்பதைப் பிள்ளைகள் அந்தச் சக்கரத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

சொல்லுக்குள் இருக்கும் பொருள்

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியில் காத்திருத்தலுக்குக் ‘காவா’ என்றொரு சொல் உண்டு. ‘நம்பிக்கை’ என்று பொருள்படும் ‘திக்வா’ என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. இதே ‘திக்வா’வுக்குக் கயிறு என்ற பொருளும் உண்டு. எரிகோ நகரத்து ராகாப் தன் வீட்டுச் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றைக் குறிக்க யோசுவா நூல் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. அவளுக்கு அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரிகிற நம்பிக்கையாக இருந்தது. ஆக, எபிரேயர்களின் காத்திருப்பு வெறும் கையோடு உட்கார்ந்திருப்பதல்ல, ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

இன்னொரு சொல் ‘ஆமென்’. இதுவும் எபிரேயச் சொல்தான். ‘உறுதியானது’, ‘நம்பத்தக்கது’ என்பது அதன் வேர்ப்பொருள். விசுவாசத்தைக் குறிக்கும் ‘எமுனா’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் நாம் சொல்லும் ‘ஆம்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. ஓசை ஒத்திருப்பது தற்செயல். ஆனாலும் பொருள் பொருந்திப் போகிறது. ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் ‘ஆமென்’ என்று சொல்லும் கிறிஸ்துவர், தெரிந்தோ தெரியாமலோ கடவுளுக்கு ஒரு முறை ‘ஆம்’ சொல்லிவிட்டுத்தான் எழுகிறார். பதில் கிடைத்த பிறகு சொல்லும் சொல் அல்ல இது. கேட்டு முடித்த கையோடு, பதில் வருவதற்கு முன்பே சொல்லப்படுவது.

நாசரேத்துப் பெண் கேட்ட கேள்வி

கிறிஸ்துவ உலகில் ‘ஆம்’ என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் இயேசுவின் தாய் மரியாள். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் அந்த நிகழ்ச்சி வருகிறது. காபிரியேல் தூதர் வந்து, நீ ஒரு மகனைப் பெறுவாய் என்கிறார். மரியாள் உடனே தலையாட்டிவிடவில்லை. நான் கன்னியாயிற்றே, இது எப்படி நடக்கும் என்று கேட்கிறார். தூதர் விளக்கம் தருகிறார். அதன் பிறகே, நான் ஆண்டவரின் அடிமை, சொன்னபடியே ஆகட்டும் என்று சம்மதிக்கிறார்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. இரண்டாவது, கடவுள் வற்புறுத்தவில்லை. வானத்திலிருந்து வந்த தூதரே ஒரு கிராமத்துப் பெண்ணின் சம்மதத்துக்காகக் காத்து நிற்கிறார்!

அதே அதிகாரத்தில் சகரியா என்ற முதிய குருவும் தூதரிடம் கேள்வி கேட்கிறார். ஆனால் அவர் பேச்சிழந்து போகிறார். ஏன் இந்த வேறுபாடு? இது எப்படி நடக்கும் என்று வழி கேட்டார் மரியாள். இதை நான் எப்படி நம்புவது என்று அத்தாட்சி கேட்டார் சகரியா. பிள்ளைக்காக ஏங்கி ஏங்கி அலுத்துப்போன மனத்தில் நல்ல செய்தி வந்தபோதும் நுழைய இடமில்லை. இருந்தாலும் கடவுள் அவரைக் கைவிட்டுவிடவில்லை. குறித்த காலத்தில் மகன் யோவான் பிறந்தார். சகரியாவின் வாயும் திறந்தது.

மரியாளின் ‘ஆம்’ அவருக்கு உடனடியாகத் தந்தது நிம்மதியல்ல, சிக்கல்தான். அக்காலத்து யூதச் சமுதாயத்தில் நிச்சயிக்கப்பட்ட பெண் தவறினாள் என்றால் மோசேயின் சட்டப்படி கல்லெறிந்து கொல்லவும் இடம் இருந்தது. யோசேப்பும் அவரைச் சத்தமில்லாமல் விலக்கிவிடத்தான் நினைத்தார். அவருக்குக் கனவில் விளக்கம் கிடைக்கும்வரை மரியாள் என்ன பாடு பட்டிருப்பார்! அந்தத் தூதர் எல்லாருக்கும் அறிக்கை விட்டுவிட்டுப் போகவில்லை. மரியாள் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. பிறகு சிமியோன் என்ற முதியவர், உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சொன்னதும் நடந்தது. மகனின் சிலுவையடியில் அந்தத் தாய் நின்றார். நாசரேத்தில் ஒரு முறை சொன்ன ‘ஆம்’ என்ற சொல்லை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

குறுக்கு வழி என்னும் சோதனை

காத்திருக்கும்போது மனிதர்களுக்கு வரும் பெரிய சோதனை குறுக்கு வழி. இதற்கு ஆபிரகாமைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கடவுள் அழைத்தபோது அவருக்கு வயது 75. எந்த இடம் என்று தெரியாமலே புறப்பட்டார். அது பெரிய ‘ஆம்’. ஆனால் வாக்களிக்கப்பட்ட பிள்ளை வரவில்லை. பொறுத்துப் பார்த்த மனைவி சாராள், தன் பணிப்பெண் ஆகாரைக் கணவருக்குக் கொடுத்தார். ஆபிரகாமின் 86ஆம் வயதில் இஸ்மவேல் பிறந்தான். வீட்டில் பூசலும் பிறந்தது. வாக்களிக்கப்பட்ட ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 100. அழைப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் 25 ஆண்டுகள்!

அந்தக் குறுக்கு வழியில் அதிகம் அடிபட்டவர் யார்? ஆபிரகாமும் அல்ல, சாராளும் அல்ல. கேட்பாரற்ற பணிப்பெண்ணான ஆகார்தான். பொறுமையிழந்தவர்கள் எடுக்கும் முடிவுக்குப் பெரும்பாலும் விலை கொடுப்பவர்கள் பக்கத்தில் இருக்கும் எளியவர்கள். பாலைவனத்தில் தவித்த ஆகாரையும் பிள்ளையையும் கடவுள் தேடிச் சென்றார் என்று ஆதியாகமம் கூறுவது ஆறுதலான செய்தி.

தாவீது இதற்கு நேர்மாறு. ஆடு மேய்க்கும் வயதிலேயே அடுத்த மன்னராக அபிஷேகம் பெற்றவர் அவர். ஆனால் அரியணை ஏறியது 30ஆம் வயதில். இடைப்பட்ட காலத்தில் சவுல் மன்னன் அவரைக் கொல்லத் துரத்தினான். சவுலின் உயிர் தாவீதின் கைக்குள் வந்த சந்தர்ப்பங்கள் இரண்டு. கூட இருந்தவர்கள், இது கடவுளே கொடுத்த வாய்ப்பு என்றார்கள். தாவீது மறுத்துவிட்டார். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக அதற்குள் நுழைந்துவிட வேண்டியதில்லை. வாய்ப்பு வேறு, அழைப்பு வேறு என்பதை அறிந்தவர் அவர்.

முதலில் ‘மாட்டேன்’ என்ற ஈடா

இயேசு ஓர் உவமை சொன்னார். தந்தை இரண்டு மகன்களைத் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொல்கிறார். ஒருவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறிப் போகிறான். மற்றவன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவே இல்லை. தந்தையின் விருப்பப்படி நடந்தவன் யார் என்பதுதான் கேள்வி. வாயால் சொல்லும் ‘ஆம்’ மட்டும் போதாது என்பது இதில் தெளிவு.

தமிழகத்தில் இந்த உவமைக்கு உயிருள்ள சான்று ஒன்று உண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியை அறியாத தமிழர் குறைவு. அதைத் தோற்றுவித்த டாக்டர் ஈடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, தந்தை எல்லாரும் மருத்துவ மிஷனரிகள். ஈடாவுக்கோ அந்த வாழ்க்கை வேண்டவே வேண்டாம் என்ற பிடிவாதம். அமெரிக்காவில் படித்துவிட்டு அங்கேயே வாழ விரும்பினார். நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளத்தான் திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஓர் இரவு, பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், மற்றோர் இந்து என மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில். என் தந்தை மருத்துவர், அவர் வருவார் என்றார் ஈடா. ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்க அவர்களின் வழக்கம் இடம் தரவில்லை. ஈடாவுக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அந்த இரவில்தான் ‘மாட்டேன்’ என்ற அவருடைய சொல் ‘ஆம்’ என்று மாறியது.

ஆனால் அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள்! அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூருக்கு வந்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. தன் ஒருத்தியின் கைகள் போதாது, இந்தியப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்பதை உணர்ந்து அவர் பாடுபட்டார். 1947இல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். 1960இல் கொடைக்கானலில் அவர் கண் மூடினார். கடவுளுக்கு ‘ஆம்’ என்பது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதாக இருக்கலாம். அதை நிறைவேற்றுவதோ தேர்வு எழுதுவது, நிதி திரட்டுவது, செங்கல் அடுக்குவது போன்ற அன்றாட வேலைதான்.

ஆறு ஆண்டுகளுக்கு ஒருவர்

நமக்கு அண்டை நாடான மியன்மாரிலும் இப்படி ஒருவர் காத்திருந்தார். அமெரிக்கரான அடோனிராம் ஜட்சன் தம் மனைவி ஆனுடன் 1813இல் ரங்கூன் வந்திறங்கினார். பர்மிய மொழியைக் கற்றார். மக்களிடம் பேசினார். ஆண்டுகள் கடந்தன, ஒருவரும் ஏற்கவில்லை. மௌங் நௌ என்ற முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819இல்தான். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே ஒருவர்!

அதன் பிறகாவது துன்பம் தீர்ந்ததா? இல்லை. 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டபோது ஜட்சன் சிறையில் தள்ளப்பட்டார். அவருக்காக அலைந்து திரிந்த மனைவி ஆன், விடுதலைக்குப் பிறகு 1826இல் இறந்தார். ஜட்சன் நீண்ட காலம் துயரத்தில் மூழ்கிக் கிடந்தார். இருந்தும் 1834இல் முழு விவிலியத்தையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தார். அந்த மொழிபெயர்ப்பு இன்றும் மியன்மாரில் பயன்பாட்டில் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. பலன் தெரியாத ஆறு ஆண்டுகளில் அவர் கற்ற மொழிதான் பிற்காலத்தில் அந்தப் பணிக்கு அடித்தளமானது. வீணாய்ப் போனதாகத் தோன்றிய காலம் வீணாகவில்லை.

பதிலே வராவிட்டால்?

இங்கே நேர்மையாகச் சந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கதைகளில் எல்லாம் இறுதியில் பலன் வந்துவிடுகிறது. நிஜ வாழ்வில் வராமலே போனால்? குணமாகும் என்று நம்பியிருந்தவர் இறந்துவிட்டால்?

கிறிஸ்துவம் இதற்கு எளிய மறுமொழி எதையும் கையில் வைத்திருக்கவில்லை. பவுல் தம் உடலைத் துளைத்த ஒரு முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை. தாங்கும் அருள்தான் கிடைத்தது. விசுவாச வீரர்களின் பட்டியலைத் தரும் எபிரெயருக்கு எழுதிய நிருபம், அவர்களில் பலர் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே இறந்தார்கள் என்று ஒளிக்காமல் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கெத்சமனே தோட்டத்தில் இயேசுவே இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மன்றாடினார். அது நீங்கவில்லை. ஆனாலும் உமது சித்தப்படியே என்று ‘ஆம்’ சொன்னார்.

ஆகவே துன்பத்தில் இருப்பவரைப் பார்த்து, “உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் பதில் வரவில்லை” என்று சொல்வது விவிலியத்துக்கு ஒவ்வாதது. அது நொந்த மனத்தில் இன்னொரு காயம். அழவும் முறையிடவும் விவிலியமே இடம் தருகிறது. பதின்மூன்றாம் சங்கீதத்தின் தொடக்கத்தில், எவ்வளவு காலம் என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. தம்பி லாசரு இறந்து நான்கு நாளுக்குப் பிறகு வந்த இயேசுவிடம், நீர் இங்கே இருந்திருந்தால் அவன் இறந்திருக்க மாட்டானே என்று சகோதரிகள் இருவரும் மனம் விட்டுச் சொன்னார்கள். இயேசு கோபப்படவில்லை, கண்ணீர் விட்டார்.

சில எச்சரிக்கைகள்

காத்திருப்பு என்ற பெயரில் கடமையைத் தள்ளிப் போடக்கூடாது. நோய் வந்தால் செபிக்கலாம், மருத்துவரிடமும் போக வேண்டும். ஈடா ஸ்கடர் இரண்டையும் செய்தவர்தானே! வேலை தேடுபவர் செபித்துவிட்டு விண்ணப்பமும் அனுப்ப வேண்டும். வீட்டில் அடி உதை வாங்கும் பெண்ணைப் பார்த்து, பொறுத்துக் காத்திரு என்று அறிவுரை சொல்வது விசுவாசமும் அல்ல, அன்பும் அல்ல. அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதுதான் முதல் வேலை.

அதேபோல், கடவுளுக்கு ‘ஆம்’ என்பது கடவுளின் பெயரைச் சொல்லி வருகிற எல்லாருக்கும் ‘ஆம்’ என்பதாகிவிடாது. சேமிப்பு முழுவதையும் கொடு, உடனே ஆசீர்வாதம் வரும் என்று ஒருவர் அவசரப்படுத்தினால், மரியாளைப் போல நின்று கேள்வி கேட்கலாம். அழைப்பு உண்மைதானா என்று தெளிய விசுவாசிகள் சில வழிகளைப் பின்பற்றுவது வழக்கம். அது விவிலியத்தின் போதனைக்கு ஒத்திருக்கிறதா? செபத்தில் நாளாக ஆக உறுதிப்படுகிறதா, மங்குகிறதா? நம்மை நன்கு அறிந்த பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? அதனால் பிறருக்கு நன்மை உண்டா, நமக்குப் பெருமை மட்டும்தானா? இப்படிச் சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல, விவேகம்.

தனியாக அல்ல, கூடி

காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போவதும் விவிலியத்தில் தெரிகிறது. தூதர் போனதும் மரியாள் யூதேயா மலைநாட்டுக்கு விரைந்து, முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். யாரிடமும் சொல்ல முடியாததை அந்த இரு பெண்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடிந்தது. பிற்பாடு, இயேசு விண்ணேறியபோது, எருசலேமை விட்டுப் போகாமல் காத்திருங்கள் என்று சீடர்களிடம் சொன்னார். அவர்கள் மேல்மாடியில் ஒன்றுகூடிச் செபித்தார்கள். மரியாளும் அங்கே இருந்தார். திருச்சபை செய்த முதல் வேலையே காத்திருந்ததுதான்!

எனவே, உங்கள் அக்கம்பக்கத்திலோ ஆலயத்திலோ நெடுநாளாகக் காத்திருக்கும் ஒருவர் இருந்தால், அறிவுரை சொல்ல அவசரப்பட வேண்டாம். எலிசபெத்து செய்ததைச் செய்யுங்கள். கதவைத் திறந்து, உட்கார வைத்து, அவர் பேசுவதைக் கேளுங்கள். நீங்களே காத்திருப்பவராக இருந்தால், ஐந்து ஆண்டுக்கான ‘ஆம்’ என்ற சொல்லை இன்றே சொல்லிவிட வேண்டும் என்பதில்லை. இன்றைக்குச் செய்ய வேண்டிய ஒரு நல்ல வேலைக்கு இன்றைக்கு ‘ஆம்’ சொல்லுங்கள். நாளைய மெழுகுவர்த்தியை நாளை ஏற்றிக்கொள்ளலாம்.